ஆயிரம் குதிரைத்திறன்: அளந்தது யார்? அளந்தது எங்கே?

ஒரு குதிரைத்திறன் 746 வாட்டுக்குச் சமம் என்று கரும்பலகையில் எழுதுவோம். அடுத்து, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் 5 குதிரைத்திறன் மோட்டாரைப் பற்றி ஒரு கணக்குப் போடுவோம். பாடம் முடிந்துவிடும். ஆனால் குதிரைத்திறன் என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைய மாணவர்கள் பலருக்கு நினைவில் எழுவது கைப்பேசியில் பார்த்த ஒரு கார். தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா சுப்ராவின் பானெட்டைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே பெரிய டர்போ ஒன்று பளபளக்கும். காரை உருளைகளின் மேல் நிறுத்தி முழு வேகத்தில் ஓட்டுவார்கள். திரையில் ஒரு வளைகோடு மேலேறி, கடைசியில் 1000 என்று ஓர் எண் தோன்றும். "சார், இது உண்மையா?" என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வது?

ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. அந்த எண்ணை எந்தக் கருவியும் நேரடியாக அளக்கவில்லை. வேறு சிலவற்றை அளந்து, அவற்றிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். காரின் எந்த இடத்தில் அளந்தார்கள், எந்த வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்தினார்கள் என்பவற்றைப் பொறுத்து அதே கார் 850 என்றும் காட்டும், 1100 என்றும் காட்டும். எண்ணைக் கண்டதும் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் கற்றுத்தர முடியும். அதற்கு வேண்டிய இயற்பியலில் பெரும்பகுதி நம் பாடநூல்களிலேயே இருக்கிறது.

குதிரையும் பிரேக்கும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சின்களை விற்கப் போனபோது, வாங்குவோருக்குத் தெரிந்த அளவு குதிரை ஒன்றுதான். ஆலைகளில் செக்கு மாடு போலக் குதிரைகளே சுற்றி வந்துகொண்டிருந்தன. அதனால் ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலையை ஒரு குதிரைத்திறன் என்று வாட் வகுத்தார். அதுதான் நம் 746 வாட். ஐரோப்பாவின் பிற நாடுகளில் 75 கிலோகிராம் நிறையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்துவதை அலகாகக் கொண்டார்கள். அது 735.5 வாட். ஜெர்மனி, ஜப்பான் கார்களின் விளம்பரங்களில் 'பிஎஸ்' என்று வருவது இதுவே. 1000 பிஎஸ் என்பது 986 குதிரைத்திறன். அலகை மாற்றியதிலேயே 14 குதிரைகள் காணாமல் போகின்றன!

இந்த அலகின் அளவை மாணவர்கள் உடலால் உணர ஒரு படிக்கட்டு போதும். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் 3 மீட்டர் உயரத்தை 4 நொடிகளில் ஏறினால், 50 × 9.8 × 3 ÷ 4 = 367.5 வாட். கிட்டத்தட்ட அரைக் குதிரை. தொடக்க வகுப்புகளில் சூத்திரம் வேண்டாம். ஒரே பையைச் சுமந்து மெதுவாக ஏறும்போதும் விரைவாக ஏறும்போதும் செய்த வேலை ஒன்றா, களைப்பு ஒன்றா என்று பேசினாலே திறன் என்னும் கருத்து பிடிபட்டுவிடும். (ஏறுவதற்கு மட்டுமே நேரம் குறியுங்கள். இறங்குவதில் போட்டி வேண்டாம்.)

கார் எஞ்சின் படிக்கட்டு ஏறுவதில்லை, சுழல்கிறது. சுழலும் பொருளின் திறனுக்கு இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, அது எவ்வளவு வலுவாகத் திருகுகிறது என்பது. பாடநூல் இதைத் திருப்பு விசை என்கிறது, ஒர்க்ஷாப்பில் டார்க் என்பார்கள். மற்றொன்று, நொடிக்கு எத்தனை சுற்று என்பது. திறன் = 2 × பை × திருப்பு விசை × நொடிக்குச் சுற்றுகள். ஒரு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் 400 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தந்தால், நொடிக்கு 100 சுற்று; திறன் சுமார் 2,51,000 வாட், அதாவது ஏறத்தாழ 337 குதிரைத்திறன். 3000 சுற்றில் 800 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினுக்கும் இதே விடைதான். லாரி எஞ்சினும் விளையாட்டுக் கார் எஞ்சினும் ஒரே எண்ணைக் காட்டிவிட்டு முற்றிலும் வேறாக நடந்துகொள்வது இதனால்தான். மாற்றியமைத்த கார்களில் ஆயிரத்தைத் தொட விரும்புவோர் திருப்பு விசையைக் கூட்டுவதோடு, அந்தத் திருப்பு விசை அதிகச் சுற்றிலும் குறையாமல் பார்த்துக்கொள்ளவும் படாத பாடு படுகிறார்கள்.

திருப்பு விசையை அளக்க பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் டி புரோனி 1821இல் எளிய வழி ஒன்றைக் கண்டார். சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து உராயவிட்டு, அந்தப் பிடி தண்டுடன் சேர்ந்து சுற்றிவிடாமல் ஒரு நீண்ட கையால் தடுத்து, கையின் நுனியில் எவ்வளவு எடை தேவைப்படுகிறது என்று பார்த்தார். பிரேக் போட்டு அளப்பதால் 'பிரேக் குதிரைத்திறன்' என்ற பெயர் வந்தது. இன்று டைனமோமீட்டர் அல்லது டைனோ எனப்படும் கருவிகள் மரக்கட்டைக்குப் பதில் நீரையோ சுழல் மின்னோட்டத்தையோ பயன்படுத்துகின்றன. தத்துவம் மாறவில்லை.

இதை வகுப்பறையில் செய்து பார்க்கலாம். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மின் பள்ளத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, இரு முனைகளிலும் சுருள்வில் தராசுகளை மாட்ட வேண்டும். ஒருவர் கையால் மிதிக்கட்டையைச் சுற்றும்போது இரண்டு தராசுகளும் வெவ்வேறு விசையைக் காட்டும். வேறுபாடு 20 நியூட்டன், ரிம்மின் ஆரம் 0.3 மீட்டர் என்றால் திருப்பு விசை 6 நியூட்டன் மீட்டர். நொடிக்கு 3 சுற்று என்றால் திறன் 113 வாட். சுற்றுகளை எண்ணக் கைப்பேசியின் மெதுவோட்டக் காணொளி உதவும். கயிற்றைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும்; மாணவர் செலவிட்ட ஆற்றல் அங்கேதான் போயிருக்கிறது. சக்கரம் சுழலும்போது ஆரக்கம்பிகளுக்கு அருகே விரல் போகக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காற்றுதான் கணக்கு

இனி ஆயிரத்தை எட்டுவது எப்படி என்று பார்ப்போம். அதிகத் திறன் வேண்டுமானால் அதிகப் பெட்ரோல் ஊற்றினால் போதும் என்றே பெரும்பாலான மாணவர்கள் நினைப்பார்கள். பெட்ரோல் ஊற்றுவது சுலபம். அதை எரிக்கக் காற்று கொண்டுவருவதுதான் கடினம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை உறிஞ்சித் தள்ளும் ஒரு பம்பு.

டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை நிரப்புகிறது. 6000 சுற்றில் நொடிக்கு 50 முறை. ஆகவே நொடிக்கு 100 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 120 கிராம். அதை 14.7ஆல் வகுத்தால் 8.2 கிராம் பெட்ரோல். ஒரு கிராம் பெட்ரோல் சுமார் 44 கிலோஜூல் வெப்பம் தரும். மொத்தம் 360 கிலோவாட். அதில் 30 சதவீதம் பயனுள்ள வேலையாக மாறுகிறது என்று கொண்டால் 108 கிலோவாட், ஏறத்தாழ 145 குதிரைத்திறன். சாலையில் ஓடும் சாதாரண 2 லிட்டர் பெட்ரோல் கார்களின் எண்ணுக்கு இது மிக அருகில் இருக்கிறது. வேதியியலும் இயற்பியலும் கலந்த இந்த ஒரு கணக்கை மேல்நிலை வகுப்பில் கட்டாயம் செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து.

இதையே பின்னோக்கிச் செய்வோம். 1000 குதிரைத்திறன் என்பது 746 கிலோவாட். அதே 30 சதவீதப் பயனுறுதிறனில் எரிபொருளிலிருந்து சுமார் 2490 கிலோவாட் வர வேண்டும். அதற்கு நொடிக்கு 56 கிராம் பெட்ரோல், 830 கிராம் காற்று. சாதாரண நிலையில் அது ஏறத்தாழ 690 லிட்டர். நம் வகுப்பறை 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் அதில் 1,08,000 லிட்டர் காற்று இருக்கும். ஆயிரம் குதிரைத்திறன் கார் முழு வேகத்தில் அந்த அறைக் காற்று முழுவதையும் மூன்று நிமிடங்களுக்குள் விழுங்கிவிடும். மாணவர்களைச் சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுப்ராவின் எஞ்சின் 3 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்டது. அதன் பெயர் 2ஜேஇசட்-ஜிடிஇ. அது 7500 சுற்றில் தானாக உறிஞ்சினால் நொடிக்கு 225 கிராம் காற்றுதான் கிடைக்கும். தேவை 830. ஆகவே காற்றைக் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மடங்கு அடர்த்தியாக்கி உள்ளே திணிக்க வேண்டும். அந்த வேலையை டர்போ செய்கிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு விசையாழியைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும். அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். வீணாகும் புகையிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் திறன் இது என்று சிலர் சொல்வது முழுவதும் சரியில்லை. விசையாழி புகையின் வழியை ஓரளவு அடைப்பதால், அதைத் தள்ளி வெளியேற்ற பிஸ்டன்கள் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். காற்று எவ்வளவு முக்கியம் என்பதைக் கண்கூடாகக் காட்டிய சோதனை 1918இல் அமெரிக்காவில் நடந்தது. விமானங்களுக்கான லிபர்ட்டி எஞ்சினை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், சுமார் 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு லாரியில் ஏற்றிச் சென்றார். சமதளத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், மலை உச்சியின் மெல்லிய காற்றில் 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பொருத்தியதும் 356 தந்தது. எஞ்சினில் வேறெதுவும் கூடவில்லை. காற்று மட்டும் திரும்பக் கிடைத்தது. காரில் டர்போ வர 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் ஆகிய இரண்டும் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன.

வெப்பம் என்னும் தடை

மிதிவண்டிக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பகுதி சூடாகும் என்பது தெரியும். டர்போவிலும் அப்படித்தான். 30 டிகிரி செல்சியஸ் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், நடைமுறையில் அது சுமார் 125 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று விரிவடையும் என்பதால் அடர்த்தி இரண்டு மடங்காகாது. ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். அழுத்தமானியைப் பார்த்து மகிழ்ந்தவர் இங்கே ஏமாறுகிறார். அமுக்கிய காற்றை ரேடியேட்டர் போன்ற இன்டர்கூலர் வழியாகச் செலுத்தி 45 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.9 மடங்கை எட்டும். வாயு விதிகளை நடத்தும்போது கெல்வினில் கணக்கிடுவதன் அவசியத்தை இதைவிட நன்றாக உணர்த்தும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. செல்சியஸில் வகுத்துப் பார்த்த மாணவருக்கு அடர்த்தி பாதிக்கும் கீழே போய்விடும். விடையே தவறைச் சொல்லிவிடும்.

வெப்பத்தால் வரும் இன்னொரு ஆபத்து நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மூலையில் இருக்கும் கலவை தானே வெடித்துவிடுவதுதான் அது. பிஸ்டனை ஓட்டையாக்கும் வல்லமை அதற்கு உண்டு. திறன் தேடி மாற்றியமைக்கும் மெக்கானிக்கின் உண்மையான எதிரி இதுதான். இதைத் தவிர்க்க அதிக ஆக்டேன் எரிபொருளோ, 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ85 எரிபொருளோ பயன்படுத்துகிறார்கள். எத்தனால் ஆவியாகும்போது அதிக வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கும். ஆனால் ஒரு கிராமுக்குத் தரும் ஆற்றல் குறைவு என்பதால் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஆகவே எரிபொருள் பம்பும் இன்ஜெக்டர்களும் பெரிதாக வேண்டும். அழுத்தம் கூடியதால் வார்ப்பு பிஸ்டன்களுக்குப் பதில் அடித்து வடித்த பிஸ்டன்கள், தடித்த கனெக்டிங் ராடுகள் வேண்டும். அடுத்து கிளட்ச் நழுவும், அதற்கடுத்து கியர்பாக்ஸ் உடையும். ஒன்றை மாற்றினால் அடுத்தது கெஞ்சும். சுப்ராவின் எஞ்சின் இதில் பெயர் பெற்றதற்குக் காரணம் அதன் கனமான வார்ப்பிரும்பு சிலிண்டர் தொகுதியும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் ஏழு பேரிங்குகளும்தான். பெரிய டர்போவுக்கு ஒரு விலையும் உண்டு: கனமான சக்கரத்தைச் சுழலவைக்கப் புகை திரள வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு எல்லாம் ஒரேயடியாக வரும். நிலைமம் பற்றிய பாடத்துக்கு இது உதவும். ஈரச் சாலையில் அது உயிரையே எடுத்துவிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. உற்பத்தியாளர் தந்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. வயதுக்கு வராதவர் ஓட்டினால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ பொறுப்பேற்க வேண்டும் என்று 2019இல் செய்த திருத்தம் சொல்கிறது. ஆர்வமுள்ள மாணவரிடம் "வேண்டாம்" என்பதோடு நிறுத்தினால் அவர் கேட்கமாட்டார். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்திலும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் முறையான பந்தயத் தடங்கள் இருப்பதையும், தானியங்கிப் பொறியியல் என்று ஒரு படிப்பு இருப்பதையும் அவருக்குச் சொல்லலாம்.

உருளையின் மேல் நிற்கும் கார்

காணொளியில் பார்த்த உருளைகளுக்கு வருவோம். எஞ்சினைக் கழற்றித் தனியே அளப்பது தொழிற்சாலையின் முறை. மாற்றியமைத்த காரைப் பெரும்பாலும் அப்படியே உருளையின் மேல் ஏற்றி, சக்கரத்தில் வரும் திறனை அளக்கிறார்கள். ஒருவகை டைனோவில் பிரேக்கே கிடையாது. கனமான உருளை மட்டும் இருக்கும். 1200 கிலோகிராம் நிறையை முழுவதும் விளிம்பில் கொண்ட உருளை என்று வைத்துக்கொள்வோம். அதன் விளிம்பின் வேகத்தைக் கார் 4 நொடிகளில் நொடிக்கு 30 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு உயர்த்துகிறது. இயக்க ஆற்றலில் ஏற்பட்ட மாற்றம் ½ × 1200 × (2500 − 900) = 9,60,000 ஜூல். 4ஆல் வகுத்தால் 240 கிலோவாட், சுமார் 322 குதிரைத்திறன். அளந்தவை உருளையின் வேகமும் நேரமும் மட்டுமே. மற்றவை கணக்கு.

இங்கேதான் எண்கள் வளையத் தொடங்குகின்றன. எஞ்சினிலிருந்து சக்கரம் வரை வரும் வழியில் கியர்களும் டயரும் கொஞ்சம் திறனைத் தின்றுவிடும். எனவே சக்கரத்தில் 850 வந்தால் 15 சதவீத இழப்பைச் சேர்த்து "எஞ்சினில் 1000" என்று சொல்வது வழக்கம். இந்த நிலையான சதவீதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. 15 சதவீதம் சரியென்றால், 200 குதிரைத்திறனில் 30 குதிரைகளை வெப்பமாக்கிய அதே கியர்பாக்ஸும் டயரும் 1000 குதிரைத்திறனில் 150 குதிரைகளை வெப்பமாக்க வேண்டும். 150 குதிரைத்திறன் என்பது 112 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் நூற்றுப்பன்னிரண்டை ஒரே நேரத்தில் காரின் அடியில் வைத்ததற்குச் சமம். இழப்பில் ஒரு பகுதி சுமையோடு கூடும், ஒரு பகுதி கூடாது. எனவே "சக்கரத்திலா, எஞ்சினிலா?" என்பது மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சக்கரத்தில் அளந்த எண்ணை அப்படியே சொல்பவரே நேர்மையாளர்.

இரண்டாவது கேள்வி திருத்தக் காரணியைப் பற்றியது. கோடை நண்பகலில் காற்று மெல்லியது, மார்கழிக் காலையில் அடர்த்தியானது. இரண்டு நாள்களின் அளவுகளை ஒப்பிட, அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு 25 டிகிரி வெப்பநிலை, 99 கிலோபாஸ்கல் உலர்காற்றழுத்தம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு அளவைத் திருத்தும் முறையை வகுத்திருக்கிறது. இன்னொரு பழைய அடிப்படை குளிர்ந்த காற்றைக் கொண்டது. அதே கார் அதில் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். எதில் அச்சிட்டுத் தருவார்கள் என்பதை ஊகித்துவிடலாம்.

டர்போ கார்களில் இந்தத் திருத்தமே பெரிய பொய்யாகிவிடக்கூடும். 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே கால் பங்குத் திறனை இழப்பதால், அளந்த எண்ணை ஏறத்தாழ 30 சதவீதம் கூட்டித் திருத்துவது நியாயம். ஆனால் எஞ்சினுக்குள் செல்லும் அழுத்தத்தை மின்னணுக் கட்டுப்பாட்டால் நிலையாக வைக்கும் டர்போ கார் அந்தத் திறனை இழக்கவே இல்லை. மாஸ் மலை உச்சியில் காட்டியது இதைத்தானே? அதன் எண்ணையும் 30 சதவீதம் கூட்டினால் 300 என்பது 390 ஆகிவிடும். இல்லாத 90 குதிரைகள் காகிதத்தில் ஓடும்.

வேறு சிறு தந்திரங்களும் உண்டு. முதல் ஓட்டத்தில் இன்டர்கூலர் குளிர்ந்திருக்கும். மூன்றாவது ஓட்டத்தில் அதே கார் குறைவாகக் காட்டும். மூன்று ஓட்டங்களின் வளைகோடுகளையும் காட்டுமாறு கேட்பதே முறை. ஆய்வகத்தில் ஒரே ஊசலின் அலைவு நேரத்தை மும்முறை எடுத்துச் சராசரி காணச் சொல்கிறோமே, அதேதான்.

தொழிற்சாலை எண்களும் புனிதமானவை அல்ல. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் காற்று வடிகட்டி, சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதையும் பொருத்தாமல் எஞ்சினை அளந்து விளம்பரம் செய்தன. மறு ஆண்டு எல்லாவற்றையும் பொருத்தி அளக்கும் முறை வந்தது. கோர்வெட் காரின் எல்டி-1 எஞ்சினுக்கு 1971இல் அச்சிட்ட எண் 330, 1972இல் 255. வீழ்ச்சியில் பெரும்பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது. ஜப்பானில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்குள்ள நிறுவனங்கள் 1989 முதல் 280 பிஎஸ்ஸுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தமக்குள் ஒப்புக்கொண்டிருந்தன. 2004இல்தான் அது முடிவுக்கு வந்தது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், சுப்ரா எல்லாம் காகிதத்தில் 280. அதே சுப்ராவுக்கு அமெரிக்காவில் அச்சிட்ட எண் 320 குதிரைத்திறன். ஒரு நாட்டில் கூட்டிச் சொன்னார்கள், இன்னொரு நாட்டில் குறைத்துச் சொன்னார்கள்.

டைனோ இல்லாமல் அறிய முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. 1500 கிலோகிராம் கார் நிலையாக இருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4 நொடிகளில் அடைகிறது என்றால், அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 5,79,000 ஜூல். சராசரித் திறன் 145 கிலோவாட், 194 குதிரைத்திறன். இது கீழ்வரம்பு மட்டுமே. டயர் நழுவிய நேரம், கியர் மாற்றிய நேரம், காற்றின் தடை எல்லாம் இதில் சேரவில்லை.

கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் நேர்ப்பந்தயம் இன்னும் நல்ல சோதனை. அதில் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட, எல்லையைக் கடக்கும்போதுள்ள வேகம்தான் திறனைக் காட்டும். நேரம் தொடக்கத்தில் டயர் பிடித்ததையும் ஓட்டுநரின் கைத்திறத்தையும் சார்ந்தது. நிலையான திறனில் ஓடும் கார் ஒன்றின் வேகத்தின் மும்மடி = 3 × திறன் × தூரம் ÷ நிறை என்று நுண்கணிதம் தெரிந்த மேல்நிலை மாணவர்கள் வருவித்துவிடலாம். அந்த மும்மடியைக் கவனிக்க வேண்டும். எல்லையில் வேகம் 10 சதவீதம் கூட வேண்டுமென்றால் திறன் 33 சதவீதம் கூட வேண்டும். இரண்டு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு திறன். 500 குதிரைத்திறன் காரை 1000 ஆக்கிவிட்டதாகச் சொல்பவரின் கார், நிறை மாறாமல் இருந்தால், எல்லையில் முன்பைவிட 26 சதவீதம் வேகமாகக் கடக்க வேண்டும். 10 சதவீதம்தான் கூடியிருக்கிறது என்றால் அந்த ஆயிரம் எங்கோ கசிந்திருக்கிறது.

அளவுகோலே போதாமல் போன ஒரு நிகழ்வும் உண்டு. 1980களின் ஃபார்முலா 1 பந்தயங்களில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் ஓடியது. சாலைக் கார்களில் பயன்பட்ட வார்ப்பிரும்புத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது அது. 1983இல் நெல்சன் பிக்கே அதைக் கொண்டே சாம்பியன் ஆனார். 1986இல், தகுதிச் சுற்றுகளில் சில சுற்றுகள் மட்டும் தாங்கினால் போதும் என்று, காற்றழுத்தத்தை வளிமண்டலத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ஏற்றினார்கள். அந்த எஞ்சினை வடிவமைத்த பவுல் ரோஷெயிடம் பின்னாளில் கேட்டபோது, ஏறத்தாழ 1400 குதிரைத்திறன் இருந்திருக்க வேண்டும், ஆனால் தங்கள் டைனோ 1280க்கு மேல் காட்டாததால் உறுதியாகத் தெரியாது என்று சொன்னார். இன்று பல நூல்களில் அந்த 1400 ஓர் அளவீடு போலவே அச்சாகிறது. கிடையச்சில் காற்றழுத்தத்தையும் செங்குத்தச்சில் திறனையும் குறித்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். 1280 வரை கோட்டை அழுத்தி வரையலாம். அதற்கு மேல் புள்ளிக்கோடுதான் போட முடியும். அதையும் எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதற்கு மாணவர்கள் காரணம் சொல்ல வேண்டும்.